கெண்டைக்காலில் போட்ட ஊதாக் கோடு

போன மழைக்காலத்தில் எனக்கு இடது கால் கொஞ்சம் வீங்கியது. இந்த வயசில் கால் வீங்காமல் வேறு என்ன செய்யும் என்று நான் சும்மா இருந்தேன். மகன் விடவில்லை. ஈஜிபுராவில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் வந்திருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டான்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். காலில் குளுகுளுவென்று எதையோ தடவி, சோப்புக்கட்டி அளவு ஒரு சாமானை வைத்துத் தொடையிலிருந்து அழுத்திக்கொண்டே வந்தாள். பக்கத்தில் டிவி. அதில் என் ரத்தக் குழாய் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. அழுத்தினால் தட்டையாகப் போயிற்று, விட்டால் பழையபடி வட்டமாயிற்று.

"நல்லா அமுங்குது பாட்டி. அமுங்கினா உள்ளே ரத்தக்கட்டி இல்லேன்னு அர்த்தம். எழுந்துக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எங்க காலத்துல இதைக் கண்டுபிடிக்க ஒரு வார்டே சேர்ந்து மண்டையை உடைச்சுக்கும்மா," என்றேன். அவள் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். டிவி இல்லாமல் எப்படிப் பார்த்தீர்கள், யார் பார்த்தார்கள், நீங்கள் நர்ஸா என்று ஒரே கேள்வி. நான் ஆயா என்றேன். "அதைத்தான் எழுதிக் குடுங்க, எங்க காலேஜ் மலர்ல போடணும்," என்று பிடித்துக்கொண்டாள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறினது போல இருக்கும். இருந்தாலும் விஷயம் இருக்கிறவள் அழகாக எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மெதுவாக எழுதுகிறேன், நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

சுதந்திரம் வந்து கொஞ்ச நாளில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயாவாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். ஆயாவுக்கு டிரெய்னிங் என்று தனியாக ஒன்றும் கிடையாது. முதலில் பெட்பேன், அப்புறம் பெட்ஷீட், அப்புறம் திட்டு. முதல் இரண்டும் சீக்கிரம் பழகிவிட்டன. திட்டு நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் கூடவே வந்தது. எங்கள் வார்டு சிஸ்டர் ரோஸ்லின், ரிச்சர்ட்ஸ் டவுன்காரி, துரைமார் போல இங்கிலீஷ் பேசுகிறவள். பெட்ஷீட்டில் ஒரு மடிப்பு இருந்தால் போதும், "குப்பம்மா, இது என்ன, நந்தி மலையா?" என்பாள். அவளிடம் வேலை கற்றவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் வார்டுக்கு டாக்டர் முத்தண்ணா வந்தார். குடகுக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். அவர் உயரத்துக்கு எந்தக் கதவிலும் நிலை இடிக்கும். குனிந்து குனிந்து பழகி, மைதானத்தில் நடக்கும்போதும் குனிந்தே நடப்பார். அவர் பேசுகிறதில் பாதி கன்னடம், கால் பங்கு பட்டாள இந்துஸ்தானி, மிச்சம் தமிழ். எங்களுக்கு எல்லாம் புரியும்.

மற்ற டாக்டர்கள் நாக்கைப் பார்ப்பார்கள், கண்ணை இழுத்துப் பார்ப்பார்கள். இவர் வந்தால் கட்டிலின் கால்மாட்டில்தான் நிற்பார். அந்தக் காலத்தில் பிரசவமானவளையும் வயிற்றில் ஆபரேஷன் ஆனவளையும் நாள் கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்போம். படுத்தே கிடந்தால் காலின் ஆழத்தில் ஓடும் குழாயில் ரத்தம் உறைந்து கட்டி பிடிக்கும். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. கட்டி அங்கேயே இருந்தால் கால் வீங்கும், வலிக்கும். பிய்த்துக்கொண்டு மேலே ஓடினால் நெஞ்சில் போய் அடைக்கும். அப்புறம் டாக்டர் வந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால், ஒருத்திக்குக் காரணம் தெரியாமல் லேசாகக் காய்ச்சல் அடித்து நாடி கொஞ்சம் வேகமாக ஓடினால், "குப்பம்மா, கால் நோடோணா" என்பார், காலைப் பார்க்கலாம் என்று. நான் போர்வையை விலக்குவேன்.

அவர் கால் பார்க்கிற அழகே தனி. முதலில் தரையில் மண்டி போடுவார். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தச்சன் பலகையைப் பார்க்கிறது போல நீளவாக்கில் பார்ப்பார். எந்தக் காலில் தோல் பளபளப்பு அதிகம், எதில் கணுக்கால் எலும்பின் பள்ளம் தூர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அப்புறம் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "ஜில்லுன்னு கை வெச்சா நல்ல காலும் குதிக்கும்," என்பார். கை சூடானதும் புறங்கையால் இரண்டு காலின் சூட்டையும் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முக்கியமான சோதனை. முழங்காலை நேராக வைத்து, பாதத்தை மெதுவாக நோயாளியின் முகத்துப் பக்கமாக மடக்க வேண்டும். கெண்டைக்காலில் சுருக்கென்று வலித்தால் சந்தேகம். வலிக்காவிட்டாலும் சந்தேகம் முழுசாகத் தீராது. அந்தச் சோதனையே அப்படித்தான், பாதி நாள் பொய் சொல்லும்.

அவர் ஒரு நாளும் "வலிக்குதா" என்று கேட்டதில்லை. "கேக்க பேடா, குப்பம்மா. கேட்டா டாக்டர் மனசு நோவக்கூடாது அந்து எல்லாரும் ஆமா சொல்றாங்க," என்பார். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார். அவர் பாஷையில் 'ஏன்' என்றால் என்ன, 'சாறு' என்றால் குழம்பு.

"நிம்ம ஊர்ல களிக்கு ஏன் சாறு அம்மா?"

"கருவாட்டுக் கொழம்பு சார். கத்திரிக்கா போட்டு, மாங்கா போட்டு..."

அவள் மாங்காய்க்கு வருகிற நேரம் பாதம் மடங்கும். மாங்காய் முழுசாக வாயிலிருந்து வந்தால் கால் நன்றாக இருக்கிறது. "மா" என்று பாதியில் நின்றால் காலில் ஏதோ இருக்கிறது. பின்னால் நின்று எழுதிக்கொண்டிருக்கும் சின்ன டாக்டர்களுக்கு வாயில் எச்சில் ஊறும்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. நம் பெண்கள் தங்கள் காலை ஒரு பெரிய மனுஷர் கையில் கொடுப்பார்களா? கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம். டாக்டர் பாதத்தைத் தொட்ட உடனே, "ஐயோ சாமி, வேணாம் சாமி!" என்று வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். சின்ன டாக்டர்கள் அதை வலி என்று எழுதிவிடுவார்கள். வலியில் இழுத்தாளா மரியாதையில் இழுத்தாளா என்று யார் கண்டது? கடைசியில் முத்தண்ணா, "பாதம் நீ ஹிடி, குப்பம்மா," என்று பாதத்தைப் பிடிக்கிற வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். அன்றிலிருந்து குதிகாலைத் தாங்கியதும் என் கை, விரல்களை மடக்கியதும் என் கை. அவர் கை கெண்டைக்காலுக்கு அடியில் மட்டும் இருக்கும். எத்தனையோ டாக்டர்கள் அந்த வார்டுக்கு வந்தார்கள், போனார்கள். காலை மடக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

அப்புறம் டேப். தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அதே துணி டேப்தான். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இரண்டு காலிலும் அடையாளம் வைத்து, சுற்றளவு எடுப்போம். அடையாளம் வைக்கக் காப்பியிங் பென்சில். நுனியை ஈரம் செய்தால் ஊதாவாக எழுதுமே, அது. கோடு ஒரே இடத்தில் இருந்தால்தான் நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் ஒப்பு. விரற்கடை மேலே போனாலும் கீழே போனாலும் அளவு மாறிவிடும். துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும் என்று, அதை அடிக்கடி இரும்பு ஸ்கேலில் வைத்துச் சரி பார்ப்பார். நீண்டிருந்தால் ஜன்னல் திரை கட்ட என்னிடம் கொடுத்துவிடுவார்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. முத்தண்ணா வருவதற்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். கால் மரத்தது போல வலிக்கிறது என்றாள். அவள் அம்மா காலையில் வந்து விளக்கெண்ணெய் தடவி நன்றாக உருவி விட்டாள். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்ரூமுக்கு நடந்தாள். கதவு வரைக்கும் போகவில்லை. அதன்பிறகு எங்கள் வார்டில் யாராவது எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால் நான் நாய் போலக் குரைப்பேன்.

இன்னொன்று சொல்கிறேன், இது சிரிக்கத்தான். சிவாஜி நகரிலிருந்து ஒரு பீபியம்மா, வயிற்றில் கட்டி எடுத்திருந்தது. ஒரு கால் மட்டும் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. அன்று முத்தண்ணா லீவு. சின்ன டாக்டர் ரத்தக்கட்டிக்குப் போடுகிற பெரிய ஊசிக்கு எழுதவே ஆரம்பித்துவிட்டார். "பெரிய டாக்டர் வந்து பார்க்கட்டும்," என்று சிஸ்டர் ரோஸ்லின் நிறுத்தி வைத்தாள். மறுநாள் அவர் வந்து பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கச் சொன்னார். "நக்கோ, நக்கோ!" என்று அந்தம்மா இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மெல்ல விலக்கிப் பார்த்தால், முழங்காலுக்கு மேல் ஒரு கறுப்புக் கயிறு, சதைக்குள் புதைந்து கிடக்கிறது. வியாதி அண்டாமல் இருக்க வீட்டுக்காரர் ஓதி வாங்கிவந்து இறுக்கிக் கட்டியது. கத்தரிக்க விடவில்லை. முத்தண்ணா தானே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, அதையே அவள் கையில் தளர்வாகக் கட்டிவிட்டார். வீக்கம் வந்த வழியே போயிற்று. "கண்ணுக்குத் தெரியாத கட்டி தேடறதுக்கு முன்னாடி, கண்ணுக்குத் தெரியற கட்டு நோடு," என்று சின்ன டாக்டரிடம் சொன்னார். திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அந்தப் பையன் என்னிடம் சொன்னான்.

இப்போது தனத்தின் கதைக்கு வருகிறேன்.

தனம் கோலார் தங்கவயல் பெண். புருஷன் முனிசாமி சுரங்கத்துக்குள் வேலை. குழந்தை குறுக்கே கிடந்ததால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை, நல்ல தொண்டை. துணைக்கு வந்தவள் முனிசாமியின் அக்கா அஞ்சலை. அவளுக்கு நல்ல உழைத்த உடம்பு, அதைவிட உழைத்த வாய். வந்த அன்றைக்கே என்னை, "இன்னாமே, இந்த வார்டுக்கு நீதான் ராணியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதோடு எங்களுக்குள் கணக்கு ஆரம்பமாகிவிட்டது.

சில நாளில் தனத்துக்கு லேசாகக் காய்ச்சல். புண் சுத்தமாக இருக்கிறது, மார்பில் பால் கட்டவில்லை, ஆனால் நாடி ஓடுகிறது. முத்தண்ணா மண்டி போட்டுப் பார்த்தார். இடது கால் தோலில் ஒரு சின்ன பளபளப்பு. கையைச் சூடாக்கிக்கொண்டு, நான் பாதத்தைப் பிடிக்க, சாறு விசாரித்தார்.

"கீரை சார்," என்றாள் தனம். முகம் கல் போல இருந்தது. நான் நன்றாகவே மடக்கினேன்.

"ஏன் கீரை?"

"முருங்கக் கீரை சார்." ஒரு எழுத்து உடையவில்லை.

கெண்டைக்காலை அழுத்தினார். ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கெண்டைக்காலில் சுற்றிக் காற்றை ஏற்றினார். கட்டி இருக்கிற கால் கொஞ்சக் காற்றுக்கே கத்தும். இவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். டேப் மட்டும், இடது கால் கொஞ்சம் பெரிது என்றது. பிறவியிலேயே இரண்டு காலும் ஒரே அளவாக இருக்கிறவர்கள் எத்தனை பேர்? ஊதாக் கோடு போட்டு, நாளைக்கு அதே கோட்டில் அளக்கலாம் என்றார்.

மறுநாள் காலையில் கோட்டைக் காணோம்.

"இன்னா அஞ்சல, கோடு எங்க?"

"எந்தக் கோடு? கொழந்தை ஒன்னுக்குப் போச்சி, தொடச்சி வுட்டேன்."

"ரெண்டு கால்லயும் போச்சா?"

"ஆம்பளப் புள்ளதானே. தூரமாப் போவும்."

நான் சிரித்துவிட்டேன். திரும்பக் கோடு போட்டோம். அடுத்த நாளும் காணோம். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. கோடு இருந்த இடத்தில் தோல் சிவந்து கிடந்தது. நார் போட்டுத் தேய்த்திருக்கிறாள். எந்தக் காலைத் தேய்க்கக் கூடாதோ அந்தக் காலை! எனக்குப் பாத்ரூம் கதவு கண் முன்னால் வந்தது. கத்தினேன். அவளும் கத்தினாள். குழந்தைகள் எல்லாம் எழுந்து அவையும் கத்தின.

டாக்டர் வராந்தாவில் சிஸ்டர் ரோஸ்லினோடு பேசிக்கொண்டிருந்தார். ஹெப்பாரின் என்கிற ஊசி மருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும், கட்டியை வளர விடாது. ஆனால் தனத்தின் வயிற்றில் பச்சைப் புண்.

"ஊசி ஸ்டார்ட் பண்ணலாமா டாக்டர்?"

"கட்டி இல்லாம ஊசி போட்டா வயித்துல ரத்தம் நிக்காது சிஸ்டர். கட்டி இருந்து போடலன்னா நெஞ்சு. எரடுலயும் இவ சாவா."

"சாயம் ஏத்தி எக்ஸ்ரே?"

"சாயம் ஸ்டாக் இல்ல. இருந்தாலும், இந்த நிலைமையில இவளத் தூக்கிக்கொண்டு போய்ப் பொரட்ட பேடா."

அவர் கவலைப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, தொட எந்தக் காலும் எதிரில் இல்லாமலே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு உள்ளே வந்து என்னிடம், "பென்சில் கொடு," என்றார். அவ்வளவுதான். அஞ்சலை கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து, கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"கோடு போடாத டாக்டரு! போட்டா நா அழிப்பேன். நீ போடப் போட அழிப்பேன். கால அறுக்க உடமாட்டேன்!"

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"யாரு காலை அறுக்கறது?" என்றேன்.

"எனக்கா தெரியாது? எங்க ஊட்டுக்காரரு கால் மேல பாறை உயுந்துச்சி. சுரங்கத்து ஆஸ்பத்திரில இதே மாதிரி வந்து பார்த்தாங்க, அமுக்கிப் பார்த்தாங்க, வலிக்குதான்னு கேட்டாங்க. வலிக்குதுன்னாரு. இதே கலரு பென்சிலு, இதே எடத்துல கோடு. காலைல அந்தக் கோட்டு மேலயே அறுத்துட்டாங்க. என் கண்ணால பார்த்தேன்மே. அந்த மனுசன் அதுக்கப்புறம் எவ்ளோ நாளு இருந்தாரு?" குரல் உடைந்தது, உடனே சரி செய்துகொண்டாள். "இவளுக்கு நாந்தான் சொல்லி வெச்சேன். இன்னா பண்ணாலும் வலிக்குதுன்னு மட்டும் வாயத் தொறக்காதடின்னு."

டாக்டர் பக்கத்துக் கட்டிலின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு காலின் ஷூவைக் கழற்றினார், மேஜோட்டைக் கழற்றினார், பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினார். கொக்குக்கால். வார்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குப்பம்மா, எனக்குக் கோடு போடு."

போட்டேன்.

"இவருக்கு," என்று சின்ன டாக்டரைக் காட்டினார். அந்தப் பையன் முகம் சிவக்கப் பேண்டைச் சுருட்டினான். அவனுக்கும் போட்டேன். எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

"அஞ்சலம்மா, நிம்ம கால்?"

"ஐய, எனுக்கு எதுக்கு? எனுக்கு ஒன்னியும் இல்ல," என்று அவள் பின்னால் போனாள். எதிர்க் கட்டில் கிழவி, "போட்டுக்கோடி, எல்லாருக்கும் சேர்த்து அறுக்கட்டும், கணக்கு சரியாப் போவும்," என்றாள். வார்டே சிரித்தது. ஆளாளுக்குப் போர்வையை விலக்கிக் காலை நீட்டினார்கள். அஞ்சலை புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையால் முகத்தை மூடிக்கொண்டு காலை நீட்டினாள். பென்சில் பட்டதும் கூச்சத்தில் துள்ளினாள்.

"இது அறுக்கற கோடு அல்ல அம்மா," என்றார் டாக்டர். "அளக்கற கோடு. தையக்காரன் துணியில போடற மாதிரி. நிம்ம வீட்டுக்காரருக்கு ஆனது வேற. அது நனக்கு கஷ்டமா இருக்கு. ஆனா, இவ வாய் திறக்கலன்னா நான் குருடன்."

அஞ்சலை கொஞ்ச நேரம் அவருடைய ஊதாக் கோட்டையே பார்த்தாள். பிறகு தனத்தின் பக்கம் திரும்பி, "சொல்லிடுடி," என்றாள்.

தனம் வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. காய்ச்சல் வந்த அன்றிலிருந்தே வலியாம். கெண்டைக்காலுக்குள் ஈரத் துணியைப் பிழிகிறது போல முறுக்குகிறதாம். அன்றைக்கு முருங்கைக் கீரை சொல்லும்போது உயிரே போயிற்றாம். நான் குதிகாலைத் தாங்கி மடக்கினேன். பாதி கூட மடங்கவில்லை, "யம்மா!" என்று என் கையைப் பிடித்தாள். பட்டையில் காற்று ஏற்றினோம். வலது கால் எவ்வளவு ஏற்றினாலும் பொறுத்தது. இடது கால் கொஞ்சத்துக்கே அலறியது. தேய்த்த இடத்திலேயே உத்தேசமாக அளந்ததில், வீக்கம் முன்னைவிடக் கூடியிருந்தது.

டாக்டர் எழுந்தார். "சிஸ்டர், ஹெப்பாரின்," என்றார். ஒரு காலில் ஷூ இல்லாமலே வார்டு முழுக்க நடந்தார்.

கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கினோம். ஊசிக்கு நடுவில் சிஸ்டர் ரோஸ்லின் தனத்தின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். சீக்கிரம் உறைந்தால் மருந்து பத்தவில்லை, உறையவே இல்லையென்றால் மருந்து அதிகம். ஒரு மத்தியானம் வயிற்றுப் புண்ணில் போட்ட கட்டின் மேல் சிவப்பு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அளவு ஆயிற்று. டாக்டர் ஒரு ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பஞ்சை வைத்துத் தன் கையாலேயே அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். தேநீர் வந்து ஆறியது. அஞ்சலை கட்டிலின் மறுபக்கம் நின்று, வாயே திறக்காமல், அவருக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். சாயந்தரம் சிவப்பு நின்றது. மறுநாள் ஊசி திரும்ப ஆரம்பித்தது, அளவு குறைத்து.

அதற்கும் அடுத்து ஒரு காலையில் தனம் இருமினாள். இரண்டு இருமல், மூன்று இருமல். கட்டி நெஞ்சுக்குப் போனால் இருமல்தான் முதலில் வரும் என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த பேசினைப் போட்டுவிட்டு ஓடினேன், சிஸ்டர் ஓடினாள், டாக்டர் எங்கிருந்தோ வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் தானும் இருமினார். நானும் இருமினேன். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் புதிதாக வந்தவன் மிளகாயைக் கருக விட்டிருக்கிறான். "அவன்தான் இவளக் கொல்லப் பார்க்கறான்," என்று சிஸ்டர் ரோஸ்லின் சமையல்கட்டுக்குப் போனாள். அன்று அவள் பேசியது ரிச்சர்ட்ஸ் டவுன் இங்கிலீஷ் இல்லை.

கோடு அழியவில்லை. அழியாமல் காவல் காத்தவள் அஞ்சலை. மங்கினால் அவளே, "ஆயாம்மா, பென்சில் எடுத்தா," என்பாள். தினமும் காலையில் டேப் வைக்கும்போது என் தோள் மேலாக எட்டிப் பார்ப்பாள். இடது கால் மெல்ல மெல்ல வற்றி வந்தது. பிறகு ஒரு நாள், இரண்டு காலும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. அஞ்சலை டேப்பை என் கையிலிருந்து பிடுங்கித் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு காலில் வைத்து, "ஒன்னுதான்," என்றாள்.

தனத்தைக் காலில் துணிப்பட்டை சுற்றி எழுந்து நடக்க விட்டோம். பிடிக்க வந்த என்னையும் தள்ளிவிட்டு, கட்டில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டே மாடி வராந்தா வரைக்கும் போனாள். கீழே கேட்டுக்குள் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். தோளில் கோணியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

"அண்ணி, அவரு வந்துட்டாரு!"

முனிசாமிக்கு அதுவரைக்கும் லீவு கிடைக்கவில்லை. வராந்தாவுக்கு நேர்கீழே வந்து, கோணியைப் பிரித்தான். ஒரு ஊன்றுகட்டை, கக்கத்தில் கொடுத்து நடக்கிறது. சுரங்கத்துக்குத் தாங்கு கொடுக்கிற நல்ல மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டு இழைத்து, கக்கம் வைக்கிற இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. தனத்தின் பழைய ரவிக்கைத் துணி என்று அவள் பார்த்த உடனே சொன்னாள்.

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ! கோடு போட்ட மொத நாளே ஊருக்குப் போன ஆள்கிட்ட, கால எடுக்கப் போறாங்கன்னு நாந்தான் சொல்லி அனுப்ச்சேன். அப்பால மாத்திச் சொல்லவே மறந்துட்டேன்!"

முனிசாமி மேலே பார்த்தான். வராந்தாவின் கைப்பிடிச் சுவர் இடுப்பு வரைக்கும் மறைக்கும். அவனுக்குத் தெரிந்தது தனத்தின் தலையும் தோளும்தான்.

"எந்தக் கால எடுத்தாங்கமே?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், மேலே வரைக்கும் கேட்டது.

தனம் வலது காலில் நின்றுகொண்டு, என் தோளைப் பிடித்து, இடது காலைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர் மேலே வைத்தாள். புடவை முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது, ஊதாக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கீழே போகிற வருகிற ஆம்பிளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சிஸ்டர் ரோஸ்லின், "ஏய், ஏய், இது என்ன அசிங்கம்!" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தவள், கீழே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். முனிசாமி ஊன்றுகட்டையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினோம். கிளம்புகிற நேரம் முனிசாமி அந்தக் கட்டையை என்ன செய்கிறது என்று தெரியாமல் வார்டு மூலையில் சாத்தி வைத்தான்.

"இங்கயே இருக்கட்டும்கா. யாருக்காவது ஒதவும்."

"இன்னாத்துக்கு? எடுடா," என்றாள் அஞ்சலை. "எம்மாம் நல்ல மரம். ஊட்டுக்குப் போயி அறுத்துத் தூளிக்குக் கட்டை போடலாம். கால அறுக்கல இல்ல, இத்த அறுக்கலாம்."

முத்தண்ணா படி வரைக்கும் வந்தார். பத்திரமாகப் போங்கள், காலைத் தொங்கப் போட்டு உட்காராதே, யாரையும் உருவ விடாதே என்று தனத்திடம் சொன்னார். அவள் குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் வெடுக்கென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

தனம் முன்னால் தன் காலில் படி இறங்கினாள். பின்னால் குழந்தையோடு முனிசாமி. கடைசியில் ஊன்றுகட்டையைத் துப்பாக்கி போலத் தோளில் சாத்திக்கொண்டு அஞ்சலை. கேட்டில் வாட்ச்மேன் கட்டையைப் பார்த்தான், மூன்று பேரின் காலையும் பார்த்தான்.

"யாருக்கும்மா அடி?"

"யாருக்கும் இல்லய்யா," என்றாள் அஞ்சலை. "வழிய உடு."